இரவு இரண்டு மணிப் புட்டி

கேள்வி | 27 ஆகஸ்ட் 2023

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம் வந்தாலே, அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்களிடம் தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் குறைவு, அதைக் கூட்ட வேண்டும் என்ற செய்திகள் வரிசையாக வருகின்றன. எனக்கு ஒன்று புரியவில்லை. மருத்துவமனை எல்லாருக்கும் ஒன்றுதான். செவிலியரும் ஒருவரேதான். குழந்தையைத் தாயிடம் கொடுக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அப்படியானால் இது அவரவர் விருப்பம் அல்லது குடும்பப் பழக்கம் என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? நம் பெண்கள் இங்கே வந்து யாருடைய உதவியும் இல்லாமல் கொடுக்கத்தானே செய்கிறார்கள்?

27 ஆகஸ்ட், இரவு

"மருத்துவமனை எல்லாருக்கும் ஒன்றுதான்" என்ற இடத்திலேயே உங்கள் கணக்கு பிசகுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 2007 முதல் நாட்டின் மகப்பேறு மருத்துவமனைகளுக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பி, குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை அங்கே என்னென்ன நடக்கிறது என்று கேட்டு வருகிறது. 2011ஆம் ஆண்டுக்கான பதில்களை எடுத்துக்கொண்டு, மருத்துவமனை இருக்கும் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் கறுப்பின மக்கள் தேசிய சராசரியான 12.2 சதவீதத்துக்கு மேல் இருக்கிறார்களா, கீழே இருக்கிறார்களா என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுவதை வழக்கமாக வைத்திருந்த மருத்துவமனைகள் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில் 46.0 சதவீதம், மற்றப் பகுதிகளில் 59.9 சதவீதம். தாயையும் சேயையும் ஒரே அறையில் வைத்திருந்தவை 27.7 சதவீதம், 39.4 சதவீதம். தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைக்குத் தேவையில்லாமல் ஃபார்முலா என்னும் செயற்கைப் பாலைக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தியவை 13.1 சதவீதம், 25.8 சதவீதம்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இதில் தாயின் விருப்பம் எந்த இடத்திலும் அளக்கப்படவில்லை. அளக்கப்பட்டது கட்டடத்தின் பழக்கம்.

28 ஆகஸ்ட்

எண்களை மட்டும் எறிந்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, நான் பார்த்ததையும் செய்ததையும் எழுதுகிறேன். செய்ததை எழுதுவது சற்றுக் கடினம்.

நான் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் செவிலி. தென்மாநிலம் ஒன்றில், பெரிய ஆற்றங்கரை நகரத்தில், இரண்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே பதினொரு மைல்தான். முதலாவது நகரின் பழைய பகுதியில் இருக்கிறது. அங்கே பிரசவத்துக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினப் பெண்கள். இரண்டாவது புறநகரில், புதுக் குடியிருப்புகளுக்கு நடுவில்.

முதலாவதில் எனக்கு இரவு ஷிப்ட். ஒன்பது மணி ஆனதும் "தாய் தூங்கட்டும்" என்று குழந்தைகளையெல்லாம் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு, ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் நர்சரி அறைக்குக் கொண்டுவந்துவிடுவோம். அந்தத் தொட்டில் என்பது சக்கரம் வைத்த ஒரு சிறு அலமாரி. மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி, கீழே டிராயர். டிராயரில் டயாபர், துடைக்கும் காகிதம், ஒரு தெர்மாமீட்டர், அவற்றோடு இரண்டு அவுன்ஸ் ஃபார்முலா புட்டிகள் ஆறு. கம்பெனி இலவசமாகக் கொடுத்தவை. யாரும் கேட்க வேண்டியதில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்பே புட்டி தொட்டிலில் ஏறிவிடும்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு குழந்தை அழுகிறது. நர்சரியில் நான் ஒருத்தி, குழந்தைகள் எட்டோ ஒன்பதோ. நியாயமான வழி என்னவென்றால், அந்தத் தொட்டிலைத் தாழ்வாரத்தின் மறுகோடிவரை தள்ளிக்கொண்டு போய், சிசேரியன் ஆன தாயை எழுப்பி, வயிற்றில் தலையணை வைத்து உட்கார வைத்து, குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் அங்கேயே நிற்பது. இன்னொரு வழி, டிராயரைத் திறப்பது. புட்டியின் மூடி 'டக்' என்று திறக்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் பெரும்பாலும் டிராயரைத் திறந்தேன்.

எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்தேனா என்று பிற்பாடு என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. அறையின் சோபாவில் கணவன் படுத்திருக்க, "என் குழந்தைக்குப் புட்டி கொடுக்க வேண்டாம்" என்று தாளில் அச்சடித்துத் தொட்டிலில் ஒட்டிவைத்த தாயின் குழந்தையை, முணுமுணுத்துக்கொண்டேயானாலும் தள்ளிக்கொண்டு போனேன். காலையில் அவள் கேள்வி கேட்பாள். தனியாக வந்து படுத்திருந்த பத்தொன்பது வயதுப் பெண் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய சேர்க்கைத் தாளில் "தாய்ப்பால்" என்றுதான் எழுதியிருக்கும்.

கம்ப்யூட்டரில் ஃபார்முலா கொடுத்ததைப் பதியும்போது காரணம் கேட்கும். சர்க்கரை அளவு குறைவு, எடைக் குறைவு, மஞ்சள் காமாலை என்று ஒரு பட்டியல் வரும். அவற்றில் எதுவும் பொருந்தாதபோது நான் அமுக்கியது "தாயின் விருப்பம்". அந்த நேரத்தில் அந்தத் தாய் நாற்பது அடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேலே நீங்கள் எழுதிய "அவரவர் விருப்பம்" எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் கையால் செய்த ஒரு சான்று இது.

28 ஆகஸ்ட், பிற்பகல்

ஒரே ஒரு புட்டியில் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற கேள்விக்கு: முதல் நாளில் ஒரு குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் சீம்பால் இரண்டிலிருந்து பத்து மில்லிவரைதான். டிராயரில் இருந்த புட்டி 59 மில்லி. அதை முழுவதும் குடிக்காமல் பாதி குடித்தாலும் குழந்தை நான்கைந்து மணி நேரம் அசையாது. குழந்தை சப்பினால்தான் பால் சுரக்கும். சப்பாத மார்புக்கு "தேவை இல்லை" என்ற செய்திதான் போகிறது. மூன்றாம் நாள் பால் கட்ட வேண்டிய நேரத்தில் சுரப்பு மந்தமாக இருக்கும். தாய் "எனக்குப் பால் போதவில்லை" என்று நம்புவாள். அந்த நம்பிக்கையில் இன்னொரு புட்டி வரும். இரண்டாவது வாரத்தில் பால் உண்மையாகவே போதாமல் போயிருக்கும். இதை நூறு முறை பார்த்திருக்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

29 ஆகஸ்ட்

இரண்டாவது மருத்துவமனையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். அங்கே நான் சேர்ந்தபோது நர்சரியே கிடையாது. நோயுற்ற குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு மட்டும்தான் உண்டு. ஃபார்முலா புட்டிகள் மருந்து அலமாரியில் பூட்டி இருக்கும். நம் அடையாள அட்டையைக் காட்டி, யாருக்கு, ஏன் என்று பதிந்துதான் எடுக்க முடியும். அந்தப் பூட்டு பெரிய விஷயமில்லை. ஆனால் பூட்டைத் திறக்க ஆகும் நேரத்தில், தாயின் அறைக் கதவைத் தட்டிவிடலாம் என்று தோன்றும்.

தாய்ப்பால் ஆலோசகர்கள் அங்கே வாரம் ஏழு நாளும் இருந்தார்கள். பழைய இடத்தில் ஒரே ஒருவர்; திங்கள் முதல் வெள்ளிவரை, காலை எட்டு முதல் மாலை நான்கு. வெள்ளிக்கிழமை மாலையில் பிரசவித்தவள் அவரைப் பார்க்காமலேயே ஞாயிறன்று வீட்டுக்குப் போய்விடுவாள். போகும்போது கையில் ஒரு கறுப்பு நிறத் தோள்பை கொடுப்போம். உள்ளே ஃபார்முலா மாதிரிகள், தள்ளுபடிச் சீட்டு, பால் போதவில்லை என்றால் என்ன செய்வது என்று கம்பெனி அச்சடித்த ஒரு கையேடு. (தைத்த விதத்தில் அந்தப் பை அபாரம். என் கணவர் ஆறு வருடம் அதில்தான் மதியச் சாப்பாடு கொண்டுபோனார்.)

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மகப்பேறு மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து 2011இல் இந்தப் பையை நிறுத்தின. அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸ். யாரும் சட்டம் போடவில்லை, தாங்களாகவே நிறுத்தினார்கள். சட்டம் போடும் வழக்கம் இந்த நாட்டுக்குக் கிடையாது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்கும் முறைக்கு ஓர் உலக நெறிமுறை வேண்டும் என்று 1981இல் உலக சுகாதாரப் பேரவையில் வாக்கெடுப்பு நடந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தது ஒன்றே ஒன்று. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

31 ஆகஸ்ட்

"நம் பெண்கள் யாருடைய உதவியும் இல்லாமல் கொடுக்கிறார்கள்" என்பதைப் பற்றி. இதை மூன்று நாளாகத் தள்ளிப் போட்டேன், ஏனென்றால் கோபம் வந்தது.

2019ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ்களை வைத்து சி.டி.சி. சொன்ன கணக்கில், தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்கள் ஆசியத் தாய்மார்களில் 90.3 சதவீதம், கறுப்பினத் தாய்மார்களில் 73.6 சதவீதம். அதனால் வார்டில் ஆசிய முகத்தைப் பார்த்ததும் "இவர்களுக்குத் தெரியும்" என்ற நினைப்பு செவிலியர்களுக்கு வந்துவிடுகிறது. என் முதல் குழந்தை பிறந்தபோது எனக்கு வந்த செவிலி, நானும் செவிலிதான் என்று தெரிந்ததும், இந்தியப் பெண் என்று தெரிந்ததும், "உங்கள் ஊரில் எல்லாரும் கொடுப்பார்களே" என்று சிரித்துவிட்டுப் போனவர்தான். அடுத்த ஷிப்டில் வந்தவரும் அப்படியே. குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக் கடித்துக்கொண்டிருந்தது; இரண்டு பக்கமும் வெடித்து இரத்தம் வந்தது. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை செய்தவள், எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்க வெட்கப்பட்டேன்.

உதவி இல்லாமலா கொடுத்தேன்? இல்லை. அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார். பால் சுறா இங்கே எங்கே கிடைக்கும் என்று நான்கு மீன் கடைகளுக்கு என் கணவரை அலைய விட்டு, கடைசியில் வேறு ஏதோ மீனில் புட்டு செய்து "சுறாப்புட்டு" என்று பெயர் வைத்தார். இரவில் குழந்தையை மடியில் வைத்துப் பிடித்து, வாய் அகலமாகத் திறக்கும்வரை பொறுத்து, ஒரே தள்ளாக மார்போடு சேர்த்தது அவர்தான். அந்த வார்டில் எனக்குக் கிடைக்காததை என் அம்மா விமானம் ஏறி வந்து கொடுத்தார். அதே அம்மா, குழந்தை பிறந்த அன்று சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரை ஒரு சிறு கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றியதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆக, கறுப்பினத் தாயிடம் "இவள் கொடுக்க மாட்டாள்" என்று உதவவில்லை. என்னிடம் "இவள் எப்படியும் கொடுப்பாள்" என்று உதவவில்லை. எனக்கு அதை ஈடுகட்ட ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் வந்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்.

2 செப்டம்பர்

ஸ்பானிஷ் பேசும் தாய்மார்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். "லோஸ் தோஸ்" என்றால் "இரண்டும்" என்று பொருள். தாய்ப்பாலும் புட்டியும் சேர்த்துக் கொடுப்பது. இது மெக்சிகோ வம்சாவளியினரின் வழக்கம் என்று எங்கள் வார்டில் பாடம் போலச் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கச் சோம்பல்பட்டு, "இரண்டும்தானே?" என்று விரல் இரண்டைக் காட்டிக் கேட்ட செவிலியரையும் பார்த்திருக்கிறேன். சிரித்துத் தலையாட்டாமல் அந்தத் தாய் என்ன செய்வாள்?

3 செப்டம்பர்

திருத்தம். ஆகஸ்ட் 31 அன்று நான் எழுதிய 90.3, 73.6 இரண்டும் தொடங்கியவர்களின் கணக்கு. தொடங்கியவர்கள் எவ்வளவு காலம் தொடர்ந்தார்கள் என்பது வேறு கேள்வி, இந்த இழையின் கேள்வியும் அதுதான். அதற்குப் பொருந்துவது 2016இல் வந்த ஓர் ஆய்வு. கறுப்பின, வெள்ளையின, ஹிஸ்பானியத் தாய்மார்களைப் பின்தொடர்ந்து, எத்தனை வாரம் கொடுத்தார்கள், ஏன் வித்தியாசம் என்று பார்த்தார்கள். வறுமை, கல்வி, திருமணம், குடும்பத்தில் தாய்ப்பால் கொடுத்த வரலாறு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையே தொடரும் காலத்தில் இருந்த வேறுபாட்டை விளக்கியவற்றில் முன்னால் நின்றது, மருத்துவமனையிலேயே குழந்தைக்கு ஃபார்முலா கொடுக்கப்பட்டதா என்பது. கறுப்பினத் தாயின் குழந்தைக்கு அது நேர்வதற்கான வாய்ப்பு விகிதம் ஒன்பது மடங்கு.

3 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

திருத்தத்துக்கே ஒரு திருத்தம். "ஒன்பது மடங்கு" என்றதும், நூற்றில் பத்து வெள்ளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் நூற்றில் தொண்ணூறு கறுப்புக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள் என்று ஒருவர் புரிந்துகொண்டு, நம்ப முடியவில்லை என்கிறார். நம்ப வேண்டாம், அப்படிப் பொருளில்லை. வாய்ப்பு விகிதம் என்பது "கொடுக்கப்பட்டவர்கள்" என்ற எண்ணைக் "கொடுக்கப்படாதவர்கள்" என்ற எண்ணால் வகுத்து வருவது. அந்த விகிதங்களை ஒப்பிடும்போது சதவீத வேறுபாட்டைவிடப் பெரிதாகத் தெரியும். எப்படிச் சுருக்கினாலும் இடைவெளி பெரிதுதான்.

6 செப்டம்பர்

பண்பாடு என்று திரும்பவும் ஒருவர். மறுக்க மாட்டேன், ஆனால் அந்தப் பண்பாடு எப்படி வந்தது என்று கேட்பேன். அடிமைமுறைக் காலத்தில் தன் குழந்தையைப் பசியோடு விட்டுவிட்டு எசமானின் குழந்தைக்குப் பால் கொடுக்க வைக்கப்பட்டவர்களின் பேத்திகளுக்கும் கொள்ளுப்பேத்திகளுக்கும், பால் கொடுப்பது என்பது இனிய நினைவாக மட்டும் இருந்திருக்காது.

அதற்கு மேல் விளம்பரம். 1946 மே மாதத்தில் வட கரோலினாவின் ரீட்ஸ்வில் ஊரில், நிலமில்லாத குத்தகை விவசாயி ஒருவருக்கும், காது கேளாத வாய் பேசாத அவர் மனைவி ஆனி மே ஃபுல்ட்ஸுக்கும் ஒரே பிரசவத்தில் நான்கு பெண் குழந்தைகள் பிறந்தன. கறுப்பினத்தில் பதிவான முதல் ஒத்த நாற்குழந்தைகள். பிரசவம் பார்த்த வெள்ளையின மருத்துவர் ஃப்ரெட் க்ளென்னர், நான்குக்கும் தன் குடும்பத்துப் பெண்களின் பெயர்களைத் தானே வைத்தார். பால் கம்பெனிகளோடு பேரம் பேசினார். பெட் மில்க் கம்பெனிக்கு அந்தக் குழந்தைகளின் படம் கிடைத்தது. குடும்பத்துக்கு மருத்துவச் செலவும், ஒரு செவிலியும், பயிர் விளையாத ஒரு நிலமும் கிடைத்தன. டின் பால் குடித்து வளர்ந்த நான்கு அழகிய கறுப்பினக் குழந்தைகள் என்று அந்த விளம்பரம் ஆண்டுக்கணக்கில் கறுப்பின இதழ்களில் ஓடியது. இன்று வார்டுக்கு வரும் பெண்களின் பாட்டிமார் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

பாட்டி புட்டியில் வளர்த்தாள், அதனால் பேத்தியும் என்பதைப் பழக்கம் என்று சொல்லலாம். அந்தப் பழக்கத்துக்கு ரசீது இருக்கிறது என்பதுதான் நான் சொல்வது.

9 செப்டம்பர்

ஹைட்டியிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த தாய்மார்கள் பெரும்பாலும் தயக்கமில்லாமல் கொடுக்கிறார்களே என்று ஒரு தோழி தனியாக எழுதியிருந்தார். ஆமாம், வெளிநாட்டில் பிறந்த கறுப்பினத் தாய்மார்கள் இங்கே பிறந்தவர்களைவிட அதிகமாகத் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். எங்கள் சேர்க்கைத் தாளில் இருவருக்கும் ஒரே கட்டம்தான். தோலின் நிறம்தான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்கக் கூடாது.

14 செப்டம்பர்

இப்போது நல்ல செய்தி, ஏனென்றால் இழை அழுகை மயமாகிக்கொண்டிருக்கிறது.

பாஸ்டன் மெடிக்கல் சென்டர், நகரத்து ஏழைகள் வரும் பெரிய மருத்துவமனை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலுக்கு உதவ மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை என்று 1989இல் வெளியிட்ட பத்துப் படிகளை ஒவ்வொன்றாக நடைமுறைப்படுத்தி, 1999 டிசம்பரில் "குழந்தை நேய மருத்துவமனை" என்ற சான்றைப் பெற்றது. மாசசூசெட்ஸில் அதுவே முதல். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மார்களில் அங்கே தாய்ப்பால் தொடங்கியவர்கள் 1995இல் 34 சதவீதம், 1999இல் 74 சதவீதம். நான்கே ஆண்டில் அந்தப் பெண்களின் பண்பாடு மாறிவிட்டதா? வார்டு மாறியது.

அடுத்து, ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்தது தெற்கில் நடக்குமா என்று கேட்டவர்களுக்கு. மிசிசிப்பி, லூசியானா, டென்னசி, டெக்சாஸ் மாநிலங்களின் 33 மருத்துவமனைகளில் 2014க்கும் 2017க்கும் இடையே இதே வேலையை எடுத்துச் செய்தார்கள். கறுப்பினத் தாய்மார்களிடம் தொடக்கம் 46 சதவீதத்திலிருந்து 63 ஆனது. வேறெதுவும் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும் என்பது 19லிருந்து 31 ஆனது. வெள்ளையினத்தவருடனான இடைவெளி 31 மாதத்தில் 9.6 சதவீதப் புள்ளி குறைந்தது.

என்ன செய்தார்கள் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்ததும் துடைத்து எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு ஓடாமல் தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போட்டார்கள், சிசேரியன் மேசையிலும்கூட. தொட்டிலைத் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தந்த ஊர்த் தாய்மார்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு இங்கே என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

(சான்று பெறும் ஆண்டில் வேலை பார்த்த எந்தச் செவிலியையும் கேட்டுப் பாருங்கள், குழந்தைக்கு நேயமான மருத்துவமனை செவிலிக்கு நேயமானது இல்லை என்பாள். நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் தொட்டில் உயரம் வரும்.)

15 செப்டம்பர்

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். மிகவும் தெளிவாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம் வருகிறது.

இரண்டாவது மருத்துவமனையில், மூன்று நாள் பிரசவ வலிக்குப் பின் சிசேரியன் ஆன ஒரு தாய், இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள், தூங்க வேண்டும் என்று கெஞ்சினாள். நர்சரி இல்லை என்றேன். அதிகாலையில் போய்ப் பார்த்தால், தாய் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருக்கிறாள்; குழந்தை கை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நொடி தாமதித்திருந்தால் தரையில். அன்றிலிருந்து நர்சரி இருந்ததே தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாயைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனது தவறு. அவளே கேட்டும் தூக்கிக்கொண்டு போகாததும் தவறு.

இன்னொரு குழந்தை. மூன்றாம் நாள், எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது, டயாபர் காய்ந்து கிடக்கிறது, அழக்கூடத் தெம்பில்லை. அந்தக் குழந்தைக்கு ஃபார்முலா தேவை. ஆனால் பூட்டிய அலமாரிக்கு முன்னால், மாதாந்திரக் கூட்டத்தில் நம் வார்டின் சதவீதத்தைக் காட்டுவார்களே என்று நான் அரை நிமிடம் யோசித்தேன். அந்த அரை நிமிடத்துக்கும் முன்பு சொன்ன "தாயின் விருப்பம்" பொத்தானுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் குழந்தையை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பார்த்தேன்.

2018இல் பத்துப் படிகளைத் திருத்தியபோது சூப்பானைப் பற்றிய கண்டிப்பைத் தளர்த்தினார்கள், குழந்தையின் பசி அறிகுறிகளைத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பதை முன்னால் வைத்தார்கள். அது நல்லதற்கே.

22 செப்டம்பர்

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பது நியாயமான குற்றச்சாட்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது பன்னிரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. அதுவும் ஐம்பது பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில், ஓராண்டு வேலை பார்த்தவர்களுக்கு. வேலை இடத்தில் பால் எடுக்க நேரமும் இடமும் தர வேண்டும் என்ற விதி 2010இல் வந்தது. அதில் விட்டுப்போன லட்சக்கணக்கானவர்களைச் சேர்க்க 2022 டிசம்பர்வரை ஆனது. சம்பளமில்லாமல் பன்னிரண்டு வாரம் உட்காரக்கூடியவள் யார், உட்கார முடியாதவள் யார் என்பதில் இனம் வந்து நிற்கிறது.

எனவே மருத்துவமனை மட்டும்தான் காரணம் என்ற தொனியில் நான் எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஆறாவது வாரத்தில் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, பால் சுரப்பு நிலைபெற இருப்பதே அந்த ஆறு வாரம்தான். அதில் முதல் இரண்டு நாளை நாங்கள் வீணடித்து அனுப்பினால் மிச்சத்தை அவள் எங்கிருந்து எடுப்பாள்?

23 செப்டம்பர்

குறைமாதப் பிரசவத்தை விட்டுவிட்டேன். கறுப்பினத் தாய்மார்களிடம் அது நூற்றுக்குப் பதினான்கு, வெள்ளையினத்தவரிடம் ஒன்பது அளவில் இருக்கிறது. குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும்போது தாய் சில மணி நேரத்துக்குள் பம்ப் வைத்துப் பால் எடுக்கத் தொடங்க வேண்டும், பகலும் இரவும் எட்டு முறையாவது. பம்பை அவள் கட்டில் அருகே யார் கொண்டுபோய் வைக்கிறார்கள், எத்தனையாவது மணியில் வைக்கிறார்கள் என்பது மறுபடியும் ஒரு செவிலியின் கையில். குழந்தை பிழைக்குமா என்று தெரியாத ஒருத்தியிடம் பம்பைப் பற்றிப் பேச எனக்கும் நா எழுந்ததில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பிறகு அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

8 அக்டோபர்

ஹூஸ்டனில் நவம்பரில் பிரசவத்தை எதிர்பார்க்கும் தன் நாத்தனாருக்கு என்ன சொல்லட்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிரசவத்துக்கு முன் வார்டைச் சுற்றிக் காட்டுவார்கள். அப்போது, சனி ஞாயிறில் தாய்ப்பால் ஆலோசகர் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். சிசேரியன் ஆனால் குழந்தையை எத்தனை நிமிடத்தில் மார்பில் போடுவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஃபார்முலா தேவைப்பட்டால் என்னை எழுப்பிக் கேட்பீர்களா, என் பெயரில் என்ன காரணம் பதிவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்குச் செவிலி சற்றுத் தடுமாறினால் அவளும் என்னைப் போல ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். "இந்தியப் பெண்களுக்கு இதெல்லாம் தெரியுமே" என்று யாராவது சிரித்தால், எனக்குத் தெரியாது, உட்கார்ந்து காட்டுங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அறைக்கு வந்ததும் தொட்டிலின் கீழ் டிராயரைத் திறந்து பார்க்கட்டும். புட்டி இருந்தால் எடுத்துச் செவிலியர் மேசையில் வைத்துவிடலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கொண்டுவருவார்கள்.